கப்பலில் போனவனின் முறை

என் முதல் நாவலின் கதாநாயகனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னவர் என் நைனா. நாவல் நடப்பதோ டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில். அப்போது நம் பக்கம் டீ கிடையாது என்று சொன்னேன். "டீ குடிக்காம எப்பிடிம்மா காலங்காத்தால தண்ணில எறங்குவான்?" என்று கேட்டுவிட்டு, என் ஆள் மேல் இரக்கப்பட்டார். கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுக்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் மேலே படிக்க விட்டார்.

இப்போது என் மேசையில் மூன்று வேலைகள் பாதியில் கிடக்கின்றன. மூன்றும் அதே டச்சுக் காலத்துப் பழவேற்காட்டில்தான் நடக்கின்றன. அந்த ஊரை விட்டு வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை, நான் தேடவும் இல்லை. ஒன்றில் கோட்டைச் சமையலறையில் ரொட்டி சுடுகிற ஒருத்தி இருக்கிறாள். இன்னொன்றில் துணிக்குச் சாயம் ஏற்றுகிற ஒருவன். மூன்றாவதில் ஆள் இன்னும் வந்து சேரவில்லை, ஒரு ஓலைக்குடை மட்டும் இருக்கிறது.

போன மாதம் பொன்னேரியில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "உங்க கதையில வர்றவங்க நெஜமாவே வருத்தப்படுறாங்க மேடம், அது எப்படி?" என்று கேட்டாள். கவனிப்பு, கற்பனை, உழைப்பு என்று மேடையில் சொல்ல வேண்டியவற்றை எல்லாம் சொல்லி வைத்தேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நிஜக் காரணம் என் நைனாவின் வாய். அதை மேடையில் சொல்ல ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும் என்று விட்டுவிட்டேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். எனக்குக் கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்து, கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கும் மீனுக்கும் உள்ள உறவு சோற்றுத் தட்டோடு சரி. பகல் முழுக்க ஊரார் வழக்குகளை டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் என் நாவலை எழுதுவேன். நாவலில் எங்கள் குப்பத்து ஆள் ஒருவன், பஞ்ச காலத்தில் டச்சுக் கம்பெனிக் கப்பலில் ஏற்றப்பட்டு, கடலுக்கு அப்பால் ஜாவாவில் இருக்கிற பத்தாவியாவுக்குப் போய்விடுகிறான். அங்கே ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறான். பொழுது சாய்ந்தால் கடலைப் பார்த்து அழுகிறான். இங்கே அவன் பெண்சாதியும் கரையில் நின்று கடலைப் பார்த்து அழுகிறாள். நடுவில் நிலா. அந்த நிலாவை நான் ரொம்ப நம்பியிருந்தேன்.

முதல் அத்தியாயங்களைப் படித்த ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "கோட்டை இருக்கு, கப்பல் இருக்கு, ஏரி இருக்கு. ஆள்தான் இல்லைம்மா" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் கோபத்தோடு சேர்த்து இரண்டு நாள் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். ஆனால் அவர் சொன்னது சரி என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. அழுகிறவனை எழுதியிருந்தேனே தவிர, அவன் எதற்கு அழுகிறான் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வருடம்தான் நைனாவுக்கு இடது கை விழுந்தது. காலையில் எழுந்து சட்டை போடப் போனவர், "இன்னாடி இது, கை வர மாட்டேங்குது" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கிடந்து, மருந்து மாத்திரை எல்லாம் ஆகி வீடு வந்தபோது கால் பிழைத்திருந்தது. பேச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேச்சு பிழைத்ததற்காக அம்மா அம்மன் கோயிலில் சூடம் ஏற்றினாள். ஏற்றாமல் இருந்திருக்கலாமோ என்று பிற்பாடு அவளே சொன்னாள். கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது.

கை போனால் ஒரு மீன்காரருக்கு என்ன போகும் என்பதைச் சொல்ல, எங்கள் ஏரியின் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தை நோக்கித் தண்ணீர் இழுக்கும்போது எந்த இடத்தில் குச்சி ஊன்றி வலை கட்டினால் இறால் விழும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் மண்டைதான் உடையும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு முன்னால் கூடிச் சீட்டெடுத்து, இன்றைக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அந்தக் கூட்டம் என்று பிரித்துக்கொள்வார்கள். கல்யாணமான ஆண்தான் ஒரு தலைக்கட்டு, அவன் பெயர்தான் சீட்டில் ஏறும். எங்கள் குப்பத்தில் ஆள் அதிகம், இடம் குறைவு. ஆகையால் பழைய பெயர் ஒன்று பட்டியலை விட்டு விழுந்தால்தான் புதுப் பெயர் ஒன்று ஏறும்.

நைனாவுக்குப் பிள்ளை நான் ஒருத்திதான். அந்த வருடத்து முறை முடியும்வரை அவர் இடத்தில் என் சித்தப்பா நின்றார். நைனாவுக்குப் பங்காளி முறையில் தம்பி அவர். தன் முறைக்கும் நின்று, நைனாவின் முறைக்கும் நின்று, கிடைத்ததில் நைனாவின் பங்கைக் கொண்டுவந்து அம்மாவின் கூடையில் கொட்டிவிட்டுப் போவார். அடுத்த சீட்டில் நைனாவின் பெயர் இருக்குமா, விழுமா என்பதைக் குப்பம் கூடி முடிவு செய்ய வேண்டும். பெயர் விழுந்தால் கூட்டத்தில் ஓரமாக உட்காரலாம், வாய் திறக்க முடியாது. என் நைனாவால் வாய் திறக்காமல் இருக்க முடியுமா என்பது இதுவரை படித்தவர்களுக்கே புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த வருடம் முழுவதும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததும், யாரும் பேசாமல் இருந்ததும் அந்த ஒன்றைத்தான்.

பேசாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு வழி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பொழுது போகட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். திருப்பாலைவனம் தாண்டி வயல்கள் முடிந்ததும் ஜன்னல் வழியாக உப்பு வாசனை வரும். எனக்கு அப்போதே வீடு வந்துவிட்ட மாதிரி இருக்கும். இறங்கி நடந்தால், வலை காயப்போடுகிற கொட்டகையில் கட்டில் போட்டு அவர் தயாராக உட்கார்ந்திருப்பார். அம்மா இறாலை வறுத்துக் கொண்டுவந்து நடுவில் வைப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதாக யாராவது சொன்னால், மேசையில் கிடக்கும் மூன்று வேலைகளையும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவேன். ஓலைக்குடையையும் சேர்த்து.

நைனா கேட்டதெல்லாம் குறுக்குக் கேள்வி. பாதிக்கு மேல் தப்பான கேள்வி. டச்சுக்காரன் படகுக்கு எந்தக் கம்பெனி இன்ஜின் போட்டிருந்தான் என்பார். கப்பலில் போனவன் ஏன் ஊருக்கு ஒரு போன் கூடப் போடவில்லை என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண்சாதியின் அழகை நான் ஒரு பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன்.

"மூக்கு எப்பிடி இருந்தா இன்னா? மீன் கூடய தூக்குவாளா, மாட்டாளா? அத்த சொல்லு."

"தூக்குவா நைனா."

"அப்ப அத்த எய்து. சும்மா மூக்கு மூக்குன்னுகினு."

அடுப்படியிலிருந்து அம்மா, "எப்ப பாத்தாலும் அய்துகினே கீறாளே அவ, வூட்ல வேற வேலயே இல்லியா?" என்பாள். நான் தாள்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, இனிமேல் உங்களுக்குப் படிக்க மாட்டேன் என்று கோபித்துக்கொள்வேன். அடுத்த வாரம் மறுபடியும் போவேன்.

நான் எதிர்பார்க்காதது, நைனா என் கதையை வெளியே எடுத்துக்கொண்டு போவார் என்பது. கை போன மனிதருக்குக் கரையில் வேறு என்ன வேலை? வலை பிரிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாராவாரம் கதையைச் சொல்லியிருக்கிறார். கதை என்று முதல் நாள் சொன்னாரோ என்னவோ, பிறகு சொல்லவில்லை. சில மாதங்களில் நான் பஸ் விட்டு இறங்கினாலே ஆட்கள் நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தார்கள். அவன் வீடு இப்போது தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடத்தில்தான் இருந்தது என்று ஒருவர் எனக்கே காட்டினார். "அவரு எங்க வகையறாதாம்மா" என்று இன்னொருவர் பெருமையாகச் சொன்னார். நான் எந்த வகையறாவையும் நினைத்து எழுதவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு நாள் சித்தப்பா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். முகம் ரொம்பக் கடுமையாக இருந்தது.

"ஏம்மா, கப்பல்ல போனானே, அவன் பாட என்னா பண்ணாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. கப்பலில் போனவனுடைய பெயர் சீட்டில் இருந்ததா, எடுத்துவிட்டார்களா என்று கேட்கிறார். கரையில் அன்றைக்கு அதுதான் சண்டையாம். ஆள் இல்லாதவன் பெயர் எதற்கு என்று சிலர். செத்தான் என்று தகவல் வராதவரை பெயரை எடுக்கக் கூடாது, கூடப் பிறந்தவன் நிற்கலாம் என்று சிலர். டச்சுக்காரன் காலத்தில் இந்த முறையெல்லாம் இருந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை, சண்டை எல்லாம் பெயரைப் பற்றித்தான்.

"உசுரோட கீறான்ல? அப்ப பேரு இருக்கணும்" என்று நைனா கட்டிலிலிருந்து கத்தினார். கத்திய வேகத்தில் தொங்கிய கை ஆடியது. "ஆளு எங்க கீறான்னு பாக்காத. கீறானா இல்லியான்னு பாரு!"

சித்தப்பா தலையை ஆட்டினார். "அத்ததான் நானும் சொன்னேன் அண்ணே. கடைசில எல்லாரும் ஒத்துக்கினாங்க." அவர் போன பிறகு நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. எந்தப் பேச்சை வருடம் முழுக்கப் பேசாமல் ஒதுக்கி வைத்திருந்தோமோ, அதை அவர் என் கதாநாயகனை முன்னால் நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அப்போது புரிந்தது. ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, நைனா கட்டிலைத் திருப்பிப் போட்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கதை வேண்டாம் என்றார். அம்மா என்னைத் தனியே இழுத்து, "இன்னிக்கு அவரு மொறம்மா. கிட்ட போவாத" என்றாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலை கட்டுகிற இடம் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்நேரம் தண்ணி திரும்பிகீது" என்றார். "இவன் இன்னும் குச்சியே ஊனி இருக்க மாட்டான், சோம்பேறி. ஊனினாலும் கோணயா ஊனுவான். அத்தினியும் அடில பூடும்."

தனக்காக இன்னொரு நாள் தண்ணீரில் நிற்கிற தம்பியை, அன்றைக்கு மத்தியானம் முழுவதும் திட்டித் தீர்த்தார். அவர் வலையைப் பிடிக்கிற விதத்தை, நிற்கிற விதத்தை, கல்யாணத்துக்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியத்தை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவ்வளவு துக்கப்பட்டு ஒரு மனிதரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சித்தப்பா வந்து கூடையை இறக்கியதும், "சாப்டியாடா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸிலேயே எனக்கு ஆள் கிடைத்துவிட்டான். பத்தாவியாவின் கிடங்கில் அவன் விடியலில் எழுந்திருக்கிறான். பெண்சாதி ஞாபகம் வரவில்லை, ஊர் ஞாபகம் வரவில்லை. இன்றைக்கு என் முறை என்று ஞாபகம் வருகிறது. ஊரில் வருடம் மாறி, சீட்டு மாறி, கூட்டமே மாறியிருக்கும். அவனுக்கு மாறவில்லை. மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே, தன் இடத்தில் நிற்கிறவன் யாரென்று தெரியாமல் அவனைத் திட்டுகிறான். குச்சி கோணல், வலை தொளதொள, எல்லா இறாலும் அடியில் போகப்போகிறது. மேஸ்திரி ஏன் முணுமுணுக்கிறாய் என்று அடிக்கிறான். அவன் முணுமுணுப்பதை நிறுத்தவில்லை. நிலாவை வெட்டி எறிந்தேன்.

இன்றைக்கும் எந்த ஆளை எழுத உட்கார்ந்தாலும், அவன் எதற்கு அழுவான் என்று நான் யோசிப்பதில்லை. யாரைத் திட்டுவான் என்றுதான் தேடுகிறேன். சாயக்காரனுக்கு அது கிடைத்துவிட்டது, அதனால் அந்த வேலை நன்றாக ஓடுகிறது. ரொட்டி சுடுகிறவள் இன்னும் எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்கிறாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளை அடுப்பு முன்னாலேயே உட்கார வைத்திருக்கிறேன்.

அந்தக் கிடங்கு அத்தியாயத்தை நைனாவுக்குப் படித்தபோது அவர் குறுக்கே பேசவில்லை. என்ன ஆயிற்றோ என்று நான்தான் நடுவில் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தேன். முடித்ததும், "மறுபடி படி" என்றார். மறுபடி படித்தேன்.

"அங்க யாரு நிக்கிறது, அவன் எடத்துல?"

"அது இன்னும் முடிவு பண்ணல நைனா. அவனுக்கே தெரியாதுல்ல?"

"அவனுக்குத் தெரிலன்னாதான் பேஜாரு" என்றார். "யாருன்னு தெரிஞ்சா தூங்கிடுவான்." அதைச் சொல்லிவிட்டு வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சீட்டுப் போடுகிற நாள் வந்தது. அங்கே பெண்கள் போவதில்லை. நானும் அம்மாவும் கோயில் சுவருக்கு இந்தப் பக்கம் மற்ற பெண்களோடு நின்றோம். சித்தப்பாவும் அவர் மகனும் நைனாவை நடத்திக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்த மகனுக்குச் சமீபத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. தலைக்கட்டாகிவிட்டான், பெயர் ஏற இடம் இல்லாமல் காத்திருந்தான். நைனாவின் பெயர் விழுந்தால் ஏறப்போவது அவன் பெயர். அது தெரிந்தும் சித்தப்பா ஒரு வருடமாக நைனாவுக்காகக் கரையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் அந்த மனிதர் காலில் விழத் தோன்றுகிறது.

பெயர்களைக் கூப்பிட ஆரம்பிக்கும் முன்னால் பஞ்சாயத்துக்காரர் எழுந்து, "அண்ணன் பேர இன்னா பண்றதுன்னு பேசிடலாம்" என்றார். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இதுல பேசறதுக்கு இன்னா கீது? டச்சுக்காரன் காலத்துலயே இப்பிடி ஒண்ணு நடந்துகீது. கப்பல்ல பூட்டான் ஒருத்தன். செத்தான்னு தாக்கல் வரல. அதனால வருசா வருசம் அவன் பேர கூப்டுகினே இருந்தாங்க. அது இந்தக் குப்பத்து வயக்கம். இப்ப நாம எப்பிடி மாத்துறது?"

கூட்டத்தில் தலைகள் ஆடின. ஆமாம், ஆமாம் என்றார்கள். "எங்க வகையறாதான் அவரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பொன்னேரியில் உட்கார்ந்து நான் எழுதிப் பெற்ற பிள்ளை, எங்கள் குப்பத்தின் சட்டமாகி நிற்கிறான். எனக்குச் சிரிக்கவும் தோன்றியது, அந்தப் பெரியவரைக் கும்பிடவும் தோன்றியது. யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று அம்மனை வேண்டிக்கொண்டேன். பொய்யோ புரட்டோ, என் நைனாவின் பெயர் இருந்தால் போதும் எனக்கு. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நைனா வலது கையைத் தூக்கினார்.

"அந்த மாதிரி ஆளு யாரும் இல்ல. அது என் பொண்ணு எய்தின கத."

வகையறாக்காரருக்குத்தான் தாங்கவில்லை, "அப்ப எங்க பாட்டன்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சித்தப்பா எழுந்து கோபமாக, "கதயா இருந்தா இன்னா அண்ணே? நாயம் நாயந்தானே? எல்லாரும் ஒத்துக்கினோமா இல்லியா? உசுரோட கீற ஆளு பேர எப்பிடி எடுக்கிறது?" என்றார்.

"கப்பல்ல போனவனுக்குக் கை இருந்துச்சுடா" என்றார் நைனா. "திரும்பி வந்தா வல கட்டுவான். நான் இங்கியேதான் கீறேன். என் கை வராது." மூச்சு வாங்கிக்கொண்டார். "உன் புள்ள பேர ஏத்து. என் எடத்துல அவன் நிக்கட்டும். நல்லா நேரா ஊனுவான், உன்ன மாதிரி இல்ல."

சித்தப்பா எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதார். பிறகு பெயர்களைக் கூப்பிட்டார்கள். பெயர் கேட்டதும் அவனவன் "கீறேன்" என்று குரல் கொடுத்து, முன்னால் வந்து சீட்டெடுப்பான். நைனாவின் பெயர் வருகிற இடத்தில் சித்தப்பா மகனின் பெயர் வந்தது. அவனுக்குக் குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் சொன்னான். அதற்குள் நைனா முன்வரிசையை விட்டு எழுந்து ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு நான் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்குக் கோபம். தானாக வந்த பெயரைத் தள்ளிவிட்டு வந்த மனிதரிடம் என்ன பேசுவது? மணலில் மெதுவாகத்தான் நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"நீ இன்னா பண்ணப் போற, அவன? திரும்பி வருவானா?"

வரமாட்டான் என்றேன். பத்தாவியாவிலேயே செத்துப்போவான், நான் முதலிலேயே அப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

"செத்தா சாவட்டும். இங்க யாருக்கும் தெரியக் கூடாது. பேர மட்டும் எடுத்துடாத, கூப்ட்டுகினே இருக்கட்டும்" என்றார். "அவனுக்குக் கை கீதுல்ல."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். "சொம்மா இரு, ஊரு பாக்குது" என்று அதட்டினார்.

கடைசி அத்தியாயத்தை எழுத எனக்கு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. தை பிறந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். நைனா ரொம்ப இளைத்திருந்தார், கட்டிலில் சாய்ந்தபடிதான் கேட்டார். வலைக் கொட்டகையில் வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. கதையில் வருடங்கள் ஓடிவிட்டன. அவன் பெண்சாதி கிழவியாகிவிட்டாள், கோட்டையில் கொடி மாறப்போகிறது. கோயிலுக்கு முன்னால் கூட்டம் கூடியிருக்கிறது. அவனைக் கண்ணால் பார்த்தவர்களே அங்கே ஒன்றிரண்டு பேர்தான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, அவன் பெயரையும் கூப்பிடுகிறார்கள்.

யாரும் பதில் சொல்லவில்லை என்பது அடுத்த வரி. அதைப் படிக்கும் முன்னால் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"கீறேன்" என்றார் நைனா.

கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் கடைசி வரை கேட்கிற மாதிரி, பழைய குரலில் சொன்னார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். நான் அடுத்த வரியைப் படிக்கவில்லை. பொன்னேரிக்குத் திரும்பியதும் அந்த வரியை வெட்டிவிட்டேன். என் நாவல் அவன் பெயரைக் கூப்பிடுகிற இடத்திலேயே முடிகிறது.